சயாமுக்குக் காரில் போகிறவர்கள் கவனத்திற்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். இந்த ஆண்டும் வந்தது. கோலாலம்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு தாய்லாந்து போகிறவர்கள் என்னென்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லும் பட்டியல் அது. காரின் பதிவுச் சான்றிதழ் அசலாக இருக்கவேண்டும். கார் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். தாய்லாந்துச் சாலைகளுக்கான கட்டாயக் காப்புறுதியை எல்லைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். 2025 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த மின்னியல் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பவேண்டும். கடப்பிதழில் ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும். டோல் அட்டையில் பணம் இருக்கவேண்டும். எண்ணெய் அங்கே விலை அதிகம் என்பதால் எல்லைக்கு முந்தைய கடைசி நிலையத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளவேண்டும். பிறகு சோறு வடிக்கும் மின்குக்கர், நெத்திலி சம்பல், ஊறுகாய், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை.

இதை நான் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. பொறுப்பான பட்டியல்தான். தொகுத்தவர் எவரோ, அனுபவசாலி. டயரில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறார். இதே பட்டியலை நம்பி நானும் ஐந்து முறை எல்லை தாண்டியிருக்கிறேன். என் குறை வேறு. இத்தனை கவனமாகக் காரை ஆயத்தம் செய்கிற நாம், காருக்குள் உட்காரப்போகிறவர்களை ஆயத்தம் செய்வதே இல்லை. மலேசியத் தமிழன் ஒருவன் குடும்பத்தோடு சயாமுக்குத் தரைவழியாகப் போகிறான் என்றால் அது வெறும் உல்லாசப் பயணம் மட்டும் அல்ல என்பது அந்தப் பட்டியலில் இல்லை. நம் தலையிலும் இல்லை.

பாதையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை நெடுஞ்சாலையில் 450 கிலோமீட்டருக்கும் மேல். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அது. தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ, தைப்பிங், சுங்கை பட்டாணி. இருபுறமும் இன்று செம்பனை. ஒரு காலத்தில் பால்மரம். அந்த மரங்களுக்குப் பின்னால் லயங்கள் இருந்தன. எல்லையைத் தாண்டினால் சடாவ். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் ஹாட்யாய். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இன்னும் துணிச்சல் உள்ளவர்கள் பத்தலுங், துங்சோங், சூராட் தானி, சும்போன் என்று மேலேறி, ஹுவா ஹின் வழியாகப் பாங்காக் வரை போவார்கள். நண்பர் குழுக்கள் நான்கைந்து கார்களில் அணிவகுத்துப் போவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

இதே திசையில், இந்தச் சாலைக்குச் சற்றுத் தள்ளி ஓடும் தண்டவாளத்தில், 1943-இல் நம்மவர்கள் போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுபோகப்பட்டதாகப் போருக்குப் பிந்தைய கணக்குகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத்துத் தமிழர்கள்.

*

தெரிந்த கதைதானே என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கதை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆகவே சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பருக்குக் கப்பலும் இல்லை, சந்தையும் இல்லை. துரைமார்கள் சிறைக்குப் போனார்கள் அல்லது ஓடினார்கள். தோட்டத்தில் கூலி நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கு உணவானது. அப்போதுதான் பர்மாவிலிருந்த படைகளுக்குத் தரைவழியாகத் தளவாடம் அனுப்ப ஜப்பானிய ராணுவம் ஒரு ரயில்பாதை போட முடிவெடுத்தது. தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலையும் காடும் ஆறும் நிறைந்த பாதை. 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தாவில் இணைந்தன. ஏறத்தாழ ஓராண்டு கால வேலை.

முதலில் கூலி தருவதாக, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்பதாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாமல் போகவே, பிறகு சேர்ந்தவர்கள் குறைந்தார்கள். அப்போது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் கூட்டிக் கதவைச் சாத்திய கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு வண்டிகளில் அடைத்து, பாடாங் பெசார் வழியாக, நாட்கணக்கில் ஓட்டிப் பான் போங்கில் இறக்கினார்கள். அதற்கப்பால் நடை. 1943 மழைக்காலத்தில் முகாம்களுக்குள் வாந்திபேதி புகுந்தது. போர்க் கைதிகளின் முகாம்களில் மருத்துவர்களாவது இருந்தார்கள், கையில் மருந்து இல்லாவிட்டாலும் கொதிக்கவைத்த நீரைக் குடிக்கச் சொல்லவாவது ஆள் இருந்தது. நம்மவர்களின் முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் என்றும், இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்றும் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். அதைவிடக் கூடுதல் என்பாரும் உண்டு. இந்த இரு வரிகளையும் அடுத்தடுத்துப் படித்தாலே ஒன்று விளங்கும். கைதிகளுக்குக் கிடைப்பது எண்ணிக்கை, நமக்குக் கிடைப்பது மதிப்பீடு.

*

காஞ்சனபுரி நகரத்தின் நடுவே நேச நாட்டுப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றின் மேல் பெயர், படைப்பிரிவு, வயது. பலவற்றில் வீட்டார் எழுதியனுப்பிய ஒரு வரி. புல் கத்தரித்ததுபோல் சீராக இருக்கும். அதை யாரும் குறைசொல்லக் கூடாது. இறந்தவனுக்கு அந்த மரியாதை வேண்டும். எத்தனையோ கடல் தாண்டிப் பேரன்கள் வந்து அந்தப் பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள். நம் ஊரிலிருந்து காரிலேயே போய்விடலாம், ஆனால் நாம் போவதில்லை. போனாலும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

அந்தப் பாலத்தின் கதையையும் சொல்லவேண்டும். பியர் பூல் 1952-இல் எழுதிய நாவலை வைத்து டேவிட் லீன் 1957-இல் எடுத்த படம் உலகமெங்கும் ஓடியது. படப்பிடிப்பு நடந்தது அன்றைய இலங்கையில். கதை முழுக்க வெள்ளைக்காரப் படையினருடையது. அந்தப் பாதையில் மிகுதியாகச் செத்தவர்களுக்கு அதில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். அதன் பிறகு 'குவாய் நதி எங்கே' என்று கேட்டுக்கொண்டு உல்லாசப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். பாலம் நின்றதோ மே குளோங் என்ற ஆற்றின்மேல். என்ன செய்தார்கள்? 1960-களில் அந்த ஆற்றுப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு சினிமாவுக்காக ஆறு பெயர் மாறியது. பல்லாயிரம் பேர் செத்ததற்காக நம் நாட்காட்டியில் ஒரு தேதிகூட மாறவில்லை.

அதற்காகத் தாய்லாந்துக்காரர்களை நோவதில் பொருளில்லை. அவர்கள் கடை போட்டார்கள், வாங்க வந்தவன் கேட்டதைக் கொடுத்தார்கள். நாம் எதைக் கேட்டோம்? தோம்யாம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டோம்.

*

எல்லையில் நடக்கும் ஒரு சடங்கைப் பற்றி எனக்குப் பல நாளாக ஒரு உறுத்தல். தாய்லாந்துச் சுங்கச் சாவடியில் காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதற்கான படிவத்தில் கையொப்பம் வாங்குவார்கள். குறித்த நாளுக்குள் இதே காரை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விடுவேன் என்று நாம் உறுதி சொல்கிறோம். தவறினால் அபராதம். திரும்பும்போது அந்தத் தாளைக் காட்டிக் கணக்கை முடிக்கவேண்டும். பட்டியலில் இதற்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு 'தொலைத்துவிடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது.

ஒரு கார் எல்லை தாண்டினால் அது திரும்பி வந்ததா என்று பார்க்க ஒரு தாள் இருக்கிறது. என் பாட்டியின் தம்பி பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து போனார். அவர் திரும்பி வந்தாரா என்று கேட்க ஒரு தாள் கிடையாது. பாட்டி சாகும்வரை 'சயாமுக்குப் போனவன்' என்றுதான் சொன்னாள். 'செத்தவன்' என்று சொல்லவில்லை. திதி கொடுக்கவில்லை, ஏனென்றால் நாள் தெரியாது. எங்கள் வீட்டில் வேறு யாரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. நான் ஐந்து முறை ஹாட்யாய் போய்வந்து, பலகாரம், சட்டை, பொம்மை எல்லாம் அவள் முன்னால் பரப்பியிருக்கிறேன். ஒருமுறைகூட அவள் என்னைக் கடிந்துகொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, 'அங்கே ரயிலு இன்னும் ஓடுதாய்யா?' என்று கேட்டாள். நான் ஹாட்யாய் ரயில் நிலையத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, 'ஓடுது பாட்டி, நல்ல நிலையம்' என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதும் தகுதி எனக்கு அந்தப் பதிலிலிருந்துதான் வருகிறது. நான் யாரையும் மேடையில் நின்று கண்டிக்கவில்லை.

*

எதிர்வாதங்கள் தெரிந்தவைதான்.

ஒன்று, விடுமுறை ஓய்வுக்காக, ஆண்டு முழுக்க உழைத்தவனைச் சுடுகாட்டுக்கு அழைக்காதே என்பது. நியாயமான பேச்சு. நானும் ஓய்வை மறுக்கவில்லை. கடற்கரைக்குப் போங்கள், சந்தைக்குப் போங்கள். ஒரு வாரப் பயணத்தில் இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆஸ்திரேலியக் குடும்பங்கள் ஒருநாள் நரகத்தீக் கணவாய் என்று அழைக்கப்படும் மலைவெட்டில் நடந்துவிட்டு மறுநாள் கடற்கரைக்குப் போகிறார்கள். அவர்களுடைய விடுமுறை அதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

இரண்டு, பிள்ளைகள் மனம் நோகும் என்பது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நாளைக்கு எத்தனை பிணங்களைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிட்டு இதைப் பேசலாம். அவர்களுக்கு நோகும் என்பதல்ல நம் தயக்கம். அவர்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை என்பதுதான். 'நம்ம வீட்டிலிருந்து யாராவது போனாங்களா அப்பா?' என்று கேட்டால், எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்?

மூன்றாவது வாதம்தான் வலுவானது. அங்கே போய் என்ன பார்ப்பது, நம்மவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லையே என்பது. முழுக்க உண்மையில்லை. போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் அங்கே ஒரு தூபியின்கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. மலேசியத் தமிழர் சிலர் முயன்று அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். ஆனால் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பெயர்கள் இல்லை. கல்லில் இல்லாத பெயர்கள் எங்கே இருக்கின்றன? வீட்டில் இருக்கின்றன. எண்பது தாண்டிய ஒரு பெரியம்மாவின் நினைவில், அவர் தன் தாயிடம் கேட்டதாக, அரைகுறையாக இருக்கின்றன. ரயில்பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள்தான் மிச்சம். அவர்களும் போய்விட்டால், பெயர் இல்லை என்பது வாதமாக இல்லாமல் முழு உண்மையாகிவிடும். பயணத்தைத் தள்ளிப்போடலாம், அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

காஞ்சனபுரி வெகுதூரம், நாங்கள் சும்போனில் படகேறித் தீவுக்குப் போகிறவர்கள் என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. சும்போனிலிருந்து மேற்கே, கிரா பூசந்தியின் குறுக்கே, ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு இன்னொரு பாதையையும் ஜப்பானியர் 1943-இல் போட்டார்கள். அதற்கும் மலாயாவிலிருந்தே தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அதற்குப் படமும் இல்லை, பாலமும் இல்லை. தண்டவாளமும் பின்னர் பெயர்க்கப்பட்டுவிட்டது. படகுக்கு நேரமாகிவிட்டதென்று நாம் விரைந்து கடக்கிற அந்த ஊர் அப்படிப்பட்ட ஊர்.

*

இனி நம்மவர்களுக்கு, இலக்கியம் படிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நம் அலமாரியில் இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இருக்கிறது. இவற்றைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம், வடிவம் சரியில்லை என்றும் ஆவணத்தன்மை மிகுதி என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம். அந்தக் கருத்தரங்கு முடிந்த அடுத்த விடுமுறையில் அதே சாலையில் கார் ஓட்டிப்போய், இரவுச் சந்தையைப் பற்றி நாலு பக்கம் பயணக் கட்டுரை எழுதி அதே இதழுக்கு அனுப்பியிருக்கிறோம். இதழும் வெளியிட்டிருக்கிறது. நாவலைப் படித்த தலையும் காரை ஓட்டிய கையும் ஒரே ஆளுடையவை என்ற எண்ணம் எழுதியவருக்கும் வரவில்லை, வெளியிட்டவருக்கும் வரவில்லை.

ஒரு படைப்பு மோசமாக விமர்சிக்கப்படுவதை எழுத்தாளன் தாங்கிக்கொள்வான். படித்தபின் வாசகனின் வாழ்க்கையில் எதுவுமே அசையவில்லை என்பதைத்தான் தாங்கமுடியாது. நமக்கு இலக்கியம் என்பது அலமாரிக்கும் கருத்தரங்குக்கும் உரியது. சாலைக்கு வரும்போது நாம் எல்லோரையும்போல் சம்பல் புட்டியோடு வருகிறோம். பயணக் கட்டுரை என்ற வடிவம் நம்மிடையே இத்தனை மெலிந்து கிடப்பதற்கு மொழிவளம் காரணம் அல்ல. எழுதுகிறவர் புறப்படும் முன்பு எதையும் தெரிந்துகொள்ளாமல் புறப்படுவதே காரணம். போன இடத்தில் தின்றதையும் வாங்கியதையும் தவிர அவருக்குச் சொல்ல வேறென்ன இருக்கும்?

*

ஆகவே அந்தப் பட்டியலை நான் கிழித்துப்போடச் சொல்லவில்லை. அதன் கீழே சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவரைப் போய்ப் பாருங்கள். தொலைபேசி போதாது. சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாருடைய பிள்ளை, திரும்பினாரா என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொன்னால், தெரியாது என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

மேலே சொன்ன நாவல்களில் ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். வடிவம் சரியில்லை என்று தோன்றினாலும் பரவாயில்லை.

ஹாட்யாயைத் தாண்டிப் போகிறவர்கள், பாங்காக்குக்கு முன்பே மேற்கே திரும்பினால் பான் போங் வரும். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, சாதாரண ஊர். ஐந்து நிமிடம் காரை நிறுத்திப் பிள்ளைகளிடம், நம்மவர்களை ரயிலிலிருந்து இறக்கியது இந்தப் பக்கத்தில்தான் என்று சொல்லுங்கள். பிறகு காஞ்சனபுரி. நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. பாலத்தைப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஒரு பெயரைப் படியுங்கள். கடைசியாக வாட் தாவோர்ன் வராராமுக்குப் போய், வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மந்திரம் தேவையில்லை. மதம் குறுக்கே வராது.

என் பாட்டி இல்லை. அவளுடைய தங்கை, எங்களுக்குச் சின்னப்பாட்டி, தொண்ணூறைத் தாண்டி ஈப்போவில் இருக்கிறார். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். அண்ணனின் பெயரைக் கேட்டதும் தயங்காமல் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்கவில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை முதலில் சொல்லவேண்டிய இடம் இது அல்ல.

எங்கள் கார் வரும் டிசம்பரில் புறப்படுகிறது. காப்புறுதி வாங்கியாகிவிட்டது.